எழுத்துக்குச் சான்று நிற்கும் சொற்கள்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே முறை. இப்பொழிவின் பொருளோ கவிதைக்கும் முந்தியது. அது எழுத்தைப் பற்றியது. அதுவும் தாளில் அமைதியாகக் கிடக்கும் எழுத்தன்று. ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டு, முகம் காணாத மற்றொருவர் செவியைச் சேர வேண்டிய எழுத்து. தொலைபேசியில் ஒருவர் தம் பெயரையோ ஊரையோ கூறுகிறார். மறுமுனையில் இருப்பவர், 'என்ன எழுத்து? சரியாகச் சொல்லுங்கள்' என்கிறார். கூறுபவர் உடனே ஒரு சொல்லைத் துணைக்கு அழைக்கிறார். 'பந்துக்கு வருகிற ந' என்கிறார்; அல்லது 'எம் ஃபார் மெட்ராஸ்' என்கிறார். அவ்வாறு அழைக்கப்படும் சொல், எழுத்துக்குச் சான்று சொல்ல வருகிறது. தமிழர் இன்று எந்தச் சொற்களைச் சான்றுக்கு அழைக்கின்றனர், எவற்றை அழைக்க மறந்தனர், அம்மறதியால் இழப்பது யாது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

இதனை ஆவுடையார்கோவிலில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. திருப்பெருந்துறை எனப் போற்றப்பெறும் இவ்வூர், சொல்வாரும் எழுதுவாரும் சேர்ந்து வளர்த்த இலக்கியத்தோடு தொடர்புடையது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட வாதவூரர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டது இத்தலத்தில் என்பது மரபு. அவர் தில்லையில் திருவாசகத்தைச் சொல்ல, இறைவனே அந்தணர் வடிவில் அமர்ந்து எழுதினான் என்றும், எழுதியவன் பெயரை ஏட்டின் இறுதியில் பொறித்து மறைந்தான் என்றும் புராணம் கூறும். நூலை இயற்றுவது மட்டுமன்று, கேட்டதைப் பிழையின்றி எழுதுவதும் தெய்வத் தொழில் என்று கருதிய ஒரு சமூகமே இத்தகைய கதையைப் போற்றியிருக்க முடியும்.

புராணத்தை விடுத்து வரலாற்றுக்கு வந்தாலும் இவ்வூரில் அதே காட்சிதான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணம் பாடி, அதனை இவ்வூரிலேயே அரங்கேற்றினார். பிள்ளையவர்கள் பாடல்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்வார். உடனிருக்கும் மாணவர் அவற்றை ஏட்டில் எழுதிக்கொள்வர். 1871-இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்து, 1876-இல் அவர் மறையும்வரை உடனிருந்த உ.வே. சாமிநாதையர் அவ்வாறு எழுதியவருள் ஒருவர். ஆசிரியர் சொல்லுவது றகரமா ரகரமா என்று ஒவ்வோரிடத்தும் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தால் புராணம் முடிந்திராது. யாப்பும் எதுகையும் பொருளும் எழுதுவாருக்குத் துணை நின்றன. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை, காதுக்கு இன்பம் மட்டும் தரவில்லை; 'இங்கே வர வேண்டியது இந்த எழுத்தே' என்று எழுதுகோலுக்கு வழியும் காட்டியது.

பின்னாளில் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிக்க முனைந்தபோது சாமிநாதையர் எதிர்கொண்ட இடர் வேறு வகையினது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு இராது. துணைக்காலும் இடையின ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்றுள்ள வடிவில் வழக்குக்குக் கொண்டுவந்த பெருமை, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்கு உரியது. ஆக, ஏட்டில் ரகரமும் காலும் கண்ணை மயக்கின. தொலைபேசியில் ரகரமும் றகரமும் செவியை மயக்குகின்றன. கருவி மாறியதே தவிர, மயக்கம் மாறவில்லை.

தொலைபேசி ஏன் இவ்வளவு மயக்குகிறது? பழைய தொலைபேசிக் கம்பி, வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளையே சுமந்து சென்றது. மனிதக் குரலில் அதற்கு மேலும் கீழும் உள்ள ஒலிக்கூறுகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். அதனினும் பெரிய குறை, முகம் காணாமை. 'மதி' என்று கூறும்போது இதழ்கள் கூடுகின்றன. 'நதி' என்று கூறும்போது கூடுவதில்லை. நேரில் இருப்பவர் செவியாலும் கண்ணாலும் கேட்கிறார். தொலைபேசியில் கேட்பவருக்குக் கண் இல்லை. அதனால் மதி நதியாகவும், நதி மதியாகவும் மாறிச் செல்ல இடமுண்டு. பொருளால் தெளியலாம் எனின், பெயர்களுக்கு அவ்வுதவியும் கிட்டுவதில்லை. மதி, நதி இரண்டும் பெண்மக்கள் பெயராகலாம் அன்றோ?

தனி எழுத்தைச் செவிக்கு உணர்த்துவது அரிது என்பதைத் தமிழ் இலக்கணிகள் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். எழுத்துச் சாரியை என்று தொல்காப்பியம் வகுத்திருப்பது இதற்கான கருவி. கரம், காரம், கான் என்பன அச்சாரியைகள். நெட்டெழுத்து காரத்தோடு வரும், கரம் பெறாது. குற்றெழுத்துக்கு மூன்றும் உண்டு எனினும், கரமே இன்றைய வழக்கு. ஆகவே அகரம், ஆகாரம், இகரம், ஈகாரம். இவ்வமைப்பின் நுட்பம் எண்ணத்தக்கது. 'அ' என்று கூறியதும் 'ஆ' என்று கூறியதும் செவியில் தெளிவாக விழவில்லை என்றே வைத்துக்கொள்வோர், பின்வரும் 'கரம்', 'காரம்' என்னும் வேறுபாட்டைக் கொண்டு முன்னதைத் திருத்திக்கொள்ளலாம். செய்தி ஒருமுறை தவறினாலும் மறுமுறை கிட்டும்படி இருமுறை வைத்து அனுப்பும் உத்தி இது. இன்றைய செய்தித்தொடர்புப் பொறியியலார் பிழைதிருத்தம் என்று பெயரிட்டு வளர்த்திருக்கும் கலையின் வித்து, இரண்டு சிறு சாரியைகளுக்குள் இருக்கிறது.

எனினும் மெய்யெழுத்துகளுக்கு வரும்போது தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. ஆங்கிலத்தார் ஓர் எழுத்தை உணர்த்த, அவ்வெழுத்தில் தொடங்கும் சொல்லைக் கூறுவர். தமிழில் ககரத்துக்குக் கண், பகரத்துக்குப் படகு, மகரத்துக்கு மயில் என்று கூறலாம். ஆனால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு மெய்களும் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. எட்டுக்கும் தொடக்கச் சொல் இல்லை. பிறமொழிச் சொற்களும் பெயர்களும் பெருகிய பின்னர் டகரத்துக்கு டப்பா, ரகரத்துக்கு ரயில், லகரத்துக்கு லாரி என்று கூற இயலுகிறது. இவ்வகையில் ரயிலும் லாரியும் தமிழுக்கு ஒரு தொண்டு புரிந்துள்ளன எனலாம். எஞ்சிய ண, ழ, ள, ற, ன ஆகிய ஐந்துக்கும் இரவல் சொல்லும் வாய்க்கவில்லை. வியப்பு என்னவெனின், மிகுதியும் மயங்குபவை இந்த ஐந்துமே. சான்று மிகத் தேவைப்படும் எழுத்துகளுக்கே முதற்சொல் இல்லை.

இச்சிக்கலுக்குத் தமிழ் கண்ட தீர்வு அழகானது. தலைமை ஏற்க இயலாத எழுத்தை, அது யாரோடு சேர்ந்து நடக்கிறதோ அவரைக் கொண்டு அடையாளம் காட்டியது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்னும் பெயர்கள் அவ்வாறு தோன்றியவை. வண்டு என்பதில் டகரத்துக்கு முன் நிற்பது டண்ணகரம். பந்து என்பதில் தகரத்துக்கு முன் நிற்பது தந்நகரம். தென்றல் என்பதில் றகரத்துக்கு முன் நிற்பது றன்னகரம். நெடுங்கணக்கு வரிசையிலும் இவை ட ண, த ந, ற ன என்று அருகருகே இருக்கின்றன. வாய்க்குள்ளும் இவ்விணைகள் ஓரிடத்திலோ மிக நெருங்கிய இடத்திலோ பிறக்கின்றன. இன எழுத்து என்று இலக்கணம் கூறும் உறவு அது. ஓர் எழுத்தின் முகவரி அதன் அயல்வீடு. இவ்வூர்த் திருக்கோயிலின் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. அருவமான ஒன்றை, அதனைத் தாங்கும் பீடத்தைக் கொண்டு உணர்வது இவ்வூரார்க்குப் புதிதன்று.

ரகர றகரங்களை இடையின ரகரம், வல்லின றகரம் என்று இனம் சுட்டிக் கூறினர். பள்ளி ஆசிரியர்கள் மேல்நோக்கு லகரம், பொது ளகரம், சிறப்பு ழகரம் என்று வழங்கினர். நாவின் நிலை ஒன்றுக்குப் பெயராயிற்று; தமிழின் பெருமிதம் மற்றொன்றுக்குப் பெயராயிற்று. கல்லாதவர் வழக்கோ கண்ணை நம்பியது. 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன', 'பெரிய ற', 'சின்ன ர' என்பன மக்கள் படைத்த பெயர்கள். உயிர்மெய்க்குத் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு என்று கூறியபோதும் வடிவமே பெயராயிற்று. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன்னர்க் கற்றவர்கள், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவத்தை யானைத் துதிக்கை என்று இன்றும் நினைவுகூர்வர். புலவர் உறவைச் சொல்லி உணர்த்தினார். பொதுமக்கள் உருவத்தைச் சொல்லி உணர்த்தினர். இரு வழியும் தமிழின் வழிகளே.

இன்று தொலைபேசியில் ஒலிப்பது பெரும்பாலும் மூன்றாம் வழி. ஆவுடையார்கோவிலைச் சார்ந்த ஒருவர், தொலைவில் உள்ள ஓர் அலுவலகத்துக்குத் தம் ஊர்ப்பெயரைக் கூறும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். 'ஏ ஃபார் ஆப்பிள், வி ஃபார் விக்டரி, யூ ஃபார் அம்ப்ரெல்லா, டி ஃபார் டெல்லி' என்று தொடங்குகிறார். 'ஏ' என்று பெயர் கூறிய எழுத்துக்கு 'ஆ' என்று தொடங்கும் பழம் சான்று. 'யூ' என்று பெயர் கூறிய எழுத்துக்கு 'அ' என்று தொடங்கும் குடை சான்று. பெயரும் ஒலியும் பொருந்தாத சான்றுகள் இவை. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும் பல வகைகளுள் ஒன்றுக்கு 13 எழுத்துகள். பதின்மூன்று சொற்களும் வந்து நின்றாக வேண்டும். தமிழிலோ ஆ, வு, டை, யா, ர், கோ, வி, ல் என எட்டே எழுத்துகள். அவற்றுள் விளக்கம் வேண்டுவன மூன்று: 'இடையின ர்', 'மேல்நோக்கு ல்', பிறகு கோயிலா கோவிலா என்னும் ஐயம். இம்மூன்றைக் கூறினால் ஊர் வந்து சேர்ந்துவிடும்.

இரவல் சான்றுகளிலும் வரலாறு உறைந்திருக்கிறது. மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆயிற்று. பம்பாய் 1995-இல் மும்பை ஆயிற்று. தொலைபேசியிலோ 'எம் ஃபார் மெட்ராஸ்', 'பி ஃபார் பாம்பே' என்னும் குரல் ஓயவில்லை. அரசு நீக்கிய பெயரை எழுத்துச் சான்று காத்து வைத்திருக்கிறது. ஒருவர் அவசரத்தில் எடுத்துக் கூறும் சொல், அவர் மனத்தின் மேற்பரப்பில் எது மிதக்கிறது என்பதைக் காட்டிவிடும். பள்ளியில் முதலிற் படித்த சொல்லையே நா முதலில் தருகிறது. அம்மா, ஆடு, இலை, ஈ என்று தொடங்கியவருக்கு அவையும், ஆப்பிள், பால், கேட் என்று தொடங்கியவருக்கு அவையும் முன்வருதல் இயல்பு.

இச்சொற்பட்டியல்கள் எளியவை போலத் தோன்றினும், உலகம் அவற்றை எளியனவாகக் கருதவில்லை. வானூர்தி ஓட்டிகளுக்காகப் பல நாட்டு நாவுகளிலும் செவிகளிலும் சோதித்து அமைக்கப்பட்ட ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்னும் வரிசை, 1956 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஜூலியட் என்னும் பெயரின் ஈற்றில் 'டி' எழுத்து இரட்டித்து எழுதப்படுகிறது. ஒற்றையாக இருப்பின் பிரெஞ்சு மொழியினர் அதனை ஒலியாது விட்டுவிடுவர் என்பது காரணம். ஒரு சொல்லின் ஈற்றெழுத்துக்கும் அத்துணைக் கவலை.

ஜெர்மனியின் வரலாறு கவலைக்குரிய பாடம். அந்நாட்டுத் தொலைபேசி எழுத்துப் பட்டியலில் டாவிட், யாக்கோப், நாத்தான், சாமுவேல், சகரியாஸ் ஆகிய பெயர்கள் இடம்பெற்றிருந்தன. நாஜி ஆட்சியில், 1934-இல், யூதப் பெயர்கள் என்று கூறி அவை நீக்கப்பட்டன. நாத்தான் இருந்த இடத்தில் வடதுருவம் என்னும் பொருள்படும் 'நோர்ட்போல்' அமர்ந்தது. சாமுவேல் இருந்த இடத்தில் சீக்ஃப்ரீட் அமர்ந்தது. மக்களை நாட்டிலிருந்து துரத்துமுன் எழுத்துப் பட்டியலிலிருந்து துரத்தினர். போருக்குப்பின் மேற்கு ஜெர்மனியில் சாமுவேலும் சகரியாசும் திரும்பினர், நாத்தான் திரும்பவில்லை. 2022-இல் வெளிவந்த புதிய தரப்பட்டியல், அலுவலகப் பயன்பாட்டுக்கு ஆட்பெயர்களை விடுத்து நகரப் பெயர்களை ஏற்றுக்கொண்டது. எழுத்துக்கு எச்சொல்லைச் சான்றாக்குவது என்பது, யாரை நினைவில் வைப்பது என்னும் முடிவும் ஆகும்.

தமிழில் எவரும் ஆணையிட்டு எச்சொல்லையும் நீக்கவில்லை. இங்கு நிகழ்வது ஆணையில்லாத நீக்கம். ரோமன் எழுத்தில் ந, ன, ண மூன்றும் 'என்' என்னும் ஒரே எழுத்துக்குள் அடங்குகின்றன. ர, ற இரண்டும் 'ஆர்' ஆகின்றன. ல, ள இரண்டும் 'எல்' ஆகின்றன. ஏழு எழுத்துகள் மூன்றாகச் சுருங்குகின்றன. பெயரை முதலில் ஆங்கிலத்தில் பதிந்து, அதிலிருந்து தமிழுக்குத் திருப்பும் வழக்கம் பரவியபின், சுருங்கியவை மீண்டும் விரியும்போது முறை மாறி விரிகின்றன. வள்ளியும் வல்லியும் வெவ்வேறு பெயர்கள். ஒன்று குறவர் மகளின் பெயர். மற்றொன்று கொடி என்னும் பொருளது. ஆங்கில எழுத்தில் இருவரும் ஒருவரே. சான்றிதழ் ஒன்றில் வள்ளியாகவும் மற்றொன்றில் வல்லியாகவும் பதியப்பட்ட பெண், தாமே தாம் என்று மெய்ப்பிக்க அலுவலகம் தோறும் அலைய நேரலாம். ஓர் எழுத்தின் மயக்கம் ஓர் ஆளின் ஐயமாகி விடுகிறது.

அண்டையூரான அறந்தாங்கியை நோக்குக. வல்லின றகரம் இருக்கும்வரை அவ்வூர் அறத்தைத் தாங்குகிறது. இடையின ரகரம் வந்தால் இரும்பை அராவும் அரத்தைத் தாங்கும். மணமேல்குடியில் மூன்று சுழி ணகரம் இரண்டு சுழியாகத் தேய்ந்தால் மணம் போய் மனம் வரும். மீமிசலின் ஈற்று லகரமும், திருப்புனவாசலின் னகரமும் தத்தம் இடத்தில் நிற்பதாலேயே அப்பெயர்கள் அப்பெயர்களாக உள்ளன. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, அதே திங்களில் அதனைத் திரும்பப் பெற்றது. அம்முயற்சியும் அதன் பின்வாங்கலும் ஓர் உண்மையைக் காட்டின. ஆங்கில எழுத்துக்குள் தமிழ் ஒலியை முழுதும் அடைப்பது, அரசாணைக்கும் எளிதில் வசப்படாத செயல்.

இது பெயரைப் பற்றிய பெருமிதம் மட்டுமன்று. தமிழகத்தில் 108 அவசர ஊர்தி 2008 செப்டம்பரில் தொடங்கிய பின்னர், நள்ளிரவில் ஊர்ப்பெயரைக் கூறித் துணை கேட்கும் வாய்ப்பு எளிய மக்களுக்குக் கிட்டியது. அந்நேரத்தில் தொலைவில் இருப்பவருக்கு ஏம்பல், அமரடக்கி, தீயத்தூர் என்னும் பெயர்கள் புதியவையாக இருக்கலாம். 'பெருந்துறை' என்று மட்டும் கூறினால் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையே பலர் நினைவுக்கு முதலில் வரும். பதற்றத்தில் இருக்கும் மூதாட்டிக்கு ஆங்கிலச் சான்றுகள் வாரா; இலக்கணப் பெயர்களும் வாரா. அவர் வாயில் இயல்பாக வரத்தக்க சில தமிழ்ச்சொற்களும், அவற்றைப் புரிந்துகொள்ளும் செவியும் இருந்தால், வண்டி அவர் ஊருக்கு வந்து சேரும்.

இங்கு இரண்டு தடைகள் எழுப்பப்படும். கணினியும் வங்கியும் பயணச்சீட்டும் ஆங்கில எழுத்தை வேண்டும்போது தமிழ்ச் சான்றுச்சொல் எதற்கு என்பது ஒன்று. ஆங்கில எழுத்தைக் கூற வேண்டிய இடத்தில் ஆங்கில முறையைக் கையாள்வதில் குற்றம் இல்லை. தமிழரிருவர் தமிழில் எழுத வேண்டிய பெயரைத் தமிழில் பேசும்போதும் ஆப்பிளை அழைப்பதே ஆராயத்தக்கது. டண்ணகரமும் றன்னகரமும் இருக்கப் புதுச்சொற்கள் எதற்கு என்பது மற்றொரு தடை. அப்பெயர்கள் கற்றார் அவையில் நிற்பவை. தொலைபேசியில் டண்ணகரமும் றன்னகரமும் ஒன்றுபோலவே ஒலித்துவிடும் அபாயமும் உண்டு. இலக்கணம் கண்ட நெறியைப் பொதுமக்கள் சொற்களில் பெய்து தருவதே இன்று வேண்டுவது.

அந்நெறி யாது? நல்ல சான்றுச்சொல்லுக்கு இரட்டைப்பிறவி இருத்தல் ஆகாது. ளகரத்துக்குப் 'பள்ளி' என்றால் சுவரில் ஊரும் பல்லியும் உடன் வந்து நிற்கும். 'வெள்ளம்' என்றால் வெல்லம் இனிக்கும். ழகரத்துக்கு 'வாழை' என்றால் குளத்து வாளை துள்ளும். ணகரத்துக்கு 'மணம்' என்றால் மனம் குறுக்கிடும். இச்சொல்லிணைகள் கவிஞருக்குப் பெருஞ்செல்வம். காளமேகப் புலவரைப் போலச் சிலேடையில் வல்லார்க்கு ஓரொலியில் இருபொருள் காண்பது விளையாட்டு. கவிஞருக்கு வரமாக அமைந்ததே தொலைபேசிக்குச் சாபமாகிறது. ஆகவே இரட்டைச் சொற்களை நன்கறிந்த கவிஞரே, இரட்டையில்லாத சொற்களைத் தேர்ந்து தரவும் தகுதியுடையார்.

மக்கள் வழக்கு இதனை ஓரளவு தானே கண்டுகொண்டுள்ளது. ழகரத்துக்கு வாழை என்று நிறுத்தாமல் 'வாழைப்பழத்துக்கு வருகிற ழ' என்று கூறுபவர், வாளையை வெளியே நிறுத்திவிடுகிறார். 'பள்ளிக்கூடத்து ள' என்பவரும் பல்லிக்கு இடம் கொடுப்பதில்லை. இவ்வழியில் சென்றால், மயங்கும் எழுத்துகளுக்குச் சில சொற்கள் தாமே முன்வருகின்றன. ணகரத்துக்கு வண்டு, நகரத்துக்குப் பந்து, னகரத்துக்குத் தென்றல். மூன்றிலும் எழுத்து தன் இனத்தோடு நிற்பதால் இடம் மாறாது. றகரத்துக்குக் காற்று ஏற்றது. றகரம் தன்னோடு தான் இரட்டிக்கும். ரகரம் அவ்வாறு இரட்டிப்பதில்லை. எனவே காற்றில் ரகரம் புகாது. இலங்கைத் தமிழர் இச்சொல்லில் றகரத்தின் வல்லோசையைத் தெளிவாக ஒலிப்பர்; தமிழகத்தார் சற்று நெகிழ்த்து ஒலிப்பர்; இருவர்க்கும் எழுத்து ஒன்றே. ரகரத்துக்குக் கரும்பு, லகரத்துக்குக் கடல், ளகரத்துக்கு முள்ளங்கி. இவற்றுக்கு இரட்டைச் சொல் இல்லை. ழகரத்துக்கோ தமிழ் என்னும் சொல்லே போதும். அதனைப் பலர் பிழைபட ஒலிக்கின்றனர். ஆயினும் பிழைபட ஒலித்தாலும் வேறு பொருள் தராமல் தமிழாகவே நிற்கும் சொல் அது.

இப்பட்டியல் முடிந்த முடிபன்று. வட்டத்தின் உறுப்பினர் தத்தம் ஊர் வழக்கை வைத்து இதனைச் சோதிக்கலாம். ஒருவர் திரைக்கு மறுபுறம் அமர்ந்து சொற்களைக் கூற, பள்ளிச் சிறுவரும் முதியவரும் எழுதிப் பார்க்கலாம். எது தவறுகிறதோ அதனை நீக்கி வேறொன்றை வைக்கலாம். சாதியையோ சமயத்தையோ கட்சியையோ சுட்டும் சொல் இடம்பெறாமல் காத்தல், ஜெர்மனி கற்பித்த பாடத்தின்படி இன்றியமையாதது. வண்டும் பந்தும் காற்றும் கரும்பும் கடலும் முள்ளங்கியும் எல்லார்க்கும் பொது. பதினெட்டு மெய்க்கும் பன்னிரண்டு உயிருக்கும் இவ்வாறு முப்பது சொற்கள் தேர்ந்து, ஒரு சிறு தாளில் அச்சிட்டுப் பள்ளிதோறும் கடைதோறும் ஒட்டினால், அது வட்டத்தின் பத்தாம் ஆண்டுக்கு உரிய நற்பணியாகும். இத்துணைச் சுருக்கமாக, இத்துணைப் பயன்படும்படி அமைந்த தொகைநூல் பிறிதொன்று இராது.

எழுதுபவன் திருவாசகத்தைக் கேட்டு எழுதினான் என்ற மரபைப் போற்றும் ஊரில், கேட்பவர் பிழையின்றி எழுதும்படி சொல்லித் தருவதும் ஒரு தொண்டே. அறந்தாங்கி என்று ஒருவர் கூறும்போது மறுமுனையில் இருப்பவர் 'எந்த ற?' என்று கேட்கட்டும். 'காற்றுக்கு வருகிற ற' என்னும் விடை தயக்கமின்றி வரட்டும். அறம் அரமாகாமல் அவ்வெழுத்து போய்ச் சேரட்டும். வட்டம் வளர்க.